முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்கள்

சுகந்தவல்லியிடம் பாடம் கேட்க வந்தபோது ஞானசிகாமணிக்கு வயது ஐம்பத்து மூன்று. குருவைவிடப் பதினோரு வயது மூத்த சீடர். ராணுவத்தில் வரைபடம் போட்டு ஓய்வுபெற்றவருக்குச் செயற்கைக்கோள் படங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஆசை.

மூன்றாம் ஆண்டு, தார்ப் பாலைவனத்திலிருந்து ஒரு வேலை வந்தது. ஏழு ஊர்களின் ஆடும் ஒட்டகமும் மேய்கிற நிலத்தை ‘மரமில்லாத தரிசு’ என்று அரசுப் பதிவேட்டில் எழுதி, வேலி போட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதை மறுத்த ஊர்க்காரர்கள், அங்கே எத்தனை மரம் என்று எண்ணித் தரக் கேட்டிருந்தார்கள். விசாரணைக்கு ஒரு மாதமே இருந்தது.

ஞானசிகாமணி சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்தார். நிழலின் நீளத்திலிருந்து உயரத்தையும், கிளைகளின் விரிவிலிருந்து மரத்தின் அளவையும் கணக்கிடக் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார். பத்தாம் நாள் ஓடி வந்தார்.

“மேடம், நாற்பத்தோராயிரம் மரம்! பெரும்பாலும் வன்னி.”

“சபாஷ்” என்றார் சுகந்தவல்லி. “எத்தனை மரத்தைத் தொட்டீங்க?”

அவர் முகம் சுருங்கியது. “விண்வெளியிலிருந்து எடுத்த படம் மேடம். தொடாமலே அளக்கறதுதானே இந்தப் படிப்போட பெருமை?”

சுகந்தவல்லி ஓர் அளவு நாடாவை எடுத்து அவர் கையில் வைத்தார். “நாளைக்கு ரயில். நானும் வர்றேன்.”

ஒன்பது நாள் மணலில் நடந்தார்கள். படத்தில் குறித்துவைத்த முந்நூற்றுப் பன்னிரண்டு மரங்களை ஒவ்வொன்றாகத் தேடிப்போய் அளந்தார்கள். முதல் இரண்டு நாள் ஞானசிகாமணி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். குதிகாலில் முள் ஏறியது. நான்காம் நாள் முணுமுணுப்பு நின்றது. ஏழாம் நாள், நாடாவைச் சுற்றிய பிறகும் அடிமரத்திலிருந்து கையை எடுக்காமல் நின்றார். சுகந்தவல்லி அவசரப்படுத்தவில்லை.

விசாரணை நாள் வந்தது. அதிகாரி படத்தைக் கண்ணுக்கு அருகே தூக்கிப் பார்த்தார்.

“இதெல்லாம் வெறும் புள்ளி. புதராக்கூட இருக்கலாம்.”

ஞானசிகாமணி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

“புள்ளியா? இது பதினெட்டு அடி உயரம் சார். இதோட நிழல்லதான் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன். இதோ இது, படத்துல ஒண்ணு, நேர்ல ரெண்டு மரம். அந்தத் தப்பையும் எழுதிக் கொடுத்திருக்கேன். முந்நூத்திப் பன்னிரண்டும் என் கை பட்ட மரம். எதை வேணும்னாலும் காட்டுங்க, இப்பவே கூட்டிட்டுப் போறேன்!”

அதிகாரி நேரில் வந்து பார்த்தார். மறுநாள் ‘மரமில்லாத’ என்ற சொல்லை அடித்துக் கையெழுத்துப் போட்டார். ஊர்ப் பெரியவர் ஒருவர் தன் சிவப்புத் தலைப்பாகையை அவிழ்த்து ஞானசிகாமணியின் தலையில் கட்டிவிட்டார்.

அந்தக் கோலத்திலேயே அவர், விசாரணையில் கூடவே இருந்த குருவிடம் வந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

“இப்பப் புரியுது மேடம். என் கணக்கு சரியான்னு பார்க்கத்தானே நடக்க வச்சீங்க?”

“கணக்கு சரின்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“அப்புறம் எதுக்கு ஒன்பது நாள்?”

“புள்ளின்னு சொன்னதும் உங்களுக்குக் கோபம் வந்துச்சே, அதுக்கு.”