ரக்னா வேண்டாம் என்றாள்

"இந்த ஊர் ஜனங்களுக்கு ஈவிரக்கமே கிடையாதா, ஐயா?"

கோல்மன் உட்காரக்கூட இல்லை.

அமெரிக்காவில் கோதுமை விளையும் ஒரு சின்ன ஊருக்கு மாற்றலாகி வந்த நீதிபதி அவர். ஊரில் பாதிப் பேர் நார்வேக்காரர்கள்.

எதிரே இருந்த ஹால்வரும் நீதிபதிதான். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்து, மரம் வெட்டி, கிணறு தோண்டி, அதற்கப்புறம் சட்டம் படித்தவர். வயதில் கோல்மனைவிட இளையவர். ஆனாலும் சந்தேகம் வந்தால் கோல்மன் இவரிடம்தான் ஓடி வருவார். கோல்மன் படித்த திமிர் இல்லாத மனுஷன்.

"என்ன ஆச்சு?"

"தாய் தகப்பன் இல்லாத பெண் குழந்தை. சித்தப்பா நில்ஸ், அவர் மனைவி ரக்னா, இவங்களை விட்டா வேற நாதி இல்லை. அவங்களுக்கும் பிள்ளை இல்லை. 'வளர்க்கிறீங்களா?'ன்னு கேட்டேன். 'வேண்டாம்'னுட்டாங்க."

"அப்புறம்?"

"சாயங்கால ரயிலில் குழந்தையை அநாதை விடுதிக்கு அனுப்பணும். கையெழுத்துதான் பாக்கி. மனசே வரலை ஐயா."

"அவங்க எங்கே?"

"வராந்தாவில். குழந்தையும் கூடத்தான் இருக்கு."

"உள்ளே வரச் சொல்லுங்க. காபி சூடா இருக்கு."

இப்போது காபிதான் ரொம்ப முக்கியம் என்று கோல்மனுக்கு எரிச்சலாக வந்தது. போய்க் கூட்டி வந்தார்.

ஹால்வர் கெண்டியை எடுத்தார்.

"காபி குடிக்கிறீங்களா?"

"வேண்டாங்க," என்றார் நில்ஸ்.

"கொஞ்சமா?"

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்," என்றாள் ரக்னா.

"எனக்காகக் குடிங்க."

"இவ்வளவு சொல்றீங்க. அரைக் கோப்பை போதும்."

அரைக் கோப்பையாவது ஒன்றாவது! ஆளுக்கு இரண்டு கோப்பை உள்ளே போனது, தட்டிலிருந்த ரொட்டியும் போனது. நம்மூர்ச் சம்பந்திகள் தோற்றார்கள் போங்கள்.

கோல்மன் ஹால்வரின் காதருகே குனிந்தார்.

"இவ்வளவு பசியை வச்சுக்கிட்டா வேண்டாம்னாங்க?"

"நான் அமெரிக்காவில் இறங்கின அன்னிக்கு ஒரு வீட்டில் 'சாப்பிடறியா?'ன்னு கேட்டாங்க. கொலைப்பசி. வேண்டாம்னேன்."

"அப்புறம்?"

"நல்ல பொம்பளை அவங்க. நான் சொன்னதை நம்பிட்டாங்க."

கோல்மன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் முன்னால் கையெழுத்துப் போட்டிருந்தால்?

தம்பதி பக்கம் திரும்பினார்.

"குழந்தையை வளர்க்கிறீங்களா?"

"வேண்டாங்க," என்றார் நில்ஸ். குரல் சரியாக எழும்பவில்லை. "கோர்ட்டு ஏதாவது நல்ல ஏற்பாடு பண்ணியிருக்கும். நாங்க குறுக்கே நிற்கக் கூடாது."

"வீட்டில் இடம் இல்லையா?"

"இடத்துக்கென்ன. நாங்களா ஆசைப்பட்டுக் கேட்கிறது மரியாதை இல்லை, பாருங்க."

குழந்தை நில்ஸின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஹால்வர் காபியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

கோல்மன் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன்.

"எனக்காக வளர்க்கிறீங்களா?"

ரக்னா குழந்தையை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

"இவளுக்குக் கட்டில் போன வாரமே செஞ்சாச்சுங்க," என்றாள்.