ஊர்க்காளை

வேலாத்தாளிடம் மேய்ச்சல் படிக்க வந்தவர்களில் நாச்சிமுத்துதான் மூத்தவர். அவருக்கு மீசை முழுக்க நரைத்துவிட்டது. அவளுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. "குருவை மடியில போட்டுத் தாலாட்டற வயசுல சீடனாப் போயிருக்காரு" என்று ஊரில் கேலி பேசினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொட்டலாகக் கிடந்த காடு அவள் கையில் புல் காடாக மாறியதைக் கண்ணால் பார்த்தவர் அவர்.

அவள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மேய்ச்சல் காட்டைக் கிளுவை வேலி வைத்துப் பிரித்தாள். ஒரு பக்கத்தில் ஆடு மாடு மேயும்போது மறுபக்கத்தை முள் படல் வைத்துச் சாத்திப் போட்டாள். உள்ளே புல் வளர்ந்து, கதிர் விட்டு, விதை உதிர்க்கிற வரைக்கும் படலைத் திறப்பதில்லை. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானைச் செய்யத்தான் யாராலும் முடியவில்லை.

ஒரு வருசம் அவள் கூடவே மேய்த்துவிட்டு நாச்சிமுத்து தன் ஊருக்குத் திரும்பினார். கூட்டம் போட்டார். ஊர்ப் பொது மேய்ச்சல் காட்டில் மேற்குப் பாதியைச் சாத்தலாம் என்றார். முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

மார்கழி பிறந்ததும் மறுபடி வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. தொண்டை கட்டிப் போயிருந்தது.

வேலாத்தாள் ஆடுகளுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னுங்கண்ணா, உடம்பு சரியில்லீங்களா?"

"உடம்புக்கென்னுங்க அம்மிணி, நல்லாத்தான் இருக்குது. ஊருதான் சரியில்லை."

"என்னாச்சு?"

"படல் நிக்க மாட்டீங்குது. இன்னிக்கு ஒருத்தன் நாலு ஆட்ட உள்ள தள்ளறான். நாளைக்கு அவன் பங்காளி பட்டியவே ஓட்டிக்கிட்டு வர்றான். நானும் விடிஞ்சதுல இருந்து கம்பை வெச்சுக்கிட்டுப் படலடியிலயே கெடக்கறேன். கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். வர்ற வெள்ளிக்கிழமை படலையே பிடுங்கிப் போடறதுன்னு பேசி முடிச்சுப்போட்டாங்க."

"பிடுங்கினா?"

"விதை உதிர இன்னும் ஒரு மாசமாச்சும் வேணுங்க. அதுக்குள்ள ஆடு நொழைஞ்சா அந்தப் பாதியும் பொட்டல்தான். கோடை வந்தா ஆட்டையெல்லாம் சந்தைக்கு வண்டியில ஏத்திப்போட்டு ஊரே மில்லு வேலைக்குப் போகோணும்."

 துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"படலை எப்படி நிறுத்தறது? அதை மட்டும் சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்."

"யாரெல்லாம் உள்ள மேய்க்கறாங்க?"

அவர் பேர் பேராகச் சொன்னார். ஒருத்தரையும் விடவில்லை. சிலருடைய அப்பன் பாட்டன் வரைக்கும் போய்விட்டு வந்தார்.

"உங்க ஆடு?"

"பட்டினி கெடந்தாலும் எங்க ஆட்டுக் கால் உள்ள படாதுங்க." பெருமையாகவே சொன்னார். அதில் பொய்யும் இல்லை.

"உங்க பசு?"

"அதுவும் வெளியதான்."

"காளை?"

"காளை உள்ள மேயுதுங்க. அது கணக்குல வராதுங்களே அம்மிணி. ஊர்ல இருக்கற அத்தனை பசுவுக்கும் அது ஒண்ணுதான் பொலிகாளை. அது எளைச்சுப்போச்சுன்னா ஊருக்கே கன்னு இல்லை. அது என்னோட காளையா என்ன? ஊர்க்காளை."

அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. பொலிகாளை வளர்ப்பது அந்தப் பக்கத்தில் கோயில் காரியம் மாதிரி. அதன் வாயைக் கட்டிப் போட யாருக்கும் மனசு வராது.

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"காளையைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க."

வேலாத்தாள் குடத்தைத் தொட்டி மேல் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்கு அதைக் கூட்டிக்கிட்டு வாங்கண்ணா."

"படலுக்கு வழி கேட்டா காளையைக் கேக்கறீங்களே."

"கூட்டிக்கிட்டு வாங்க."

மறுநாள் பொழுது சாயும் நேரத்துக்கு நாச்சிமுத்து காளையோடு வந்து சேர்ந்தார். மயிலைக் காளை. கறுத்த திமில், விரிந்த கொம்பு. வழியெல்லாம் ஆட்கள் நின்று பார்த்தார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் அலுப்புத் தீர்ந்திருந்தது.

வேலாத்தாளின் செம்மறிகள் மேய்ச்சல் முடிந்து இட்டேறிப் பாதையில் வந்துகொண்டிருந்தன. மேய்கிற பக்கத்தில் புல் தேய்ந்துவிட்டதால் வயிறு ஒட்டியிருந்தது. பாதைக்கு இந்தப் பக்கம் சாத்திப் போட்ட காடு. கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரத்துக்குக் கதிர் பிடித்து நின்றது. அதற்குக் காவல் ஒற்றை முள் படல், அதுவும் கட்டாமல் சாய்த்து வைத்தது. ஆடுகள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்தன. அவள் முன்னால் போகாமல் அந்தப் படலுக்குள் போகக்கூடாது என்று குட்டியிலிருந்தே அவற்றுக்குப் பழக்கம்.

"படலைத் திறங்கண்ணா."

"விதை இன்னும் உதிரலீங்களே அம்மிணி."

"திறங்க."

அவர் இழுத்து ஓரமாக வைத்தார். ஆடுகள் நின்றன. திறந்த வாசலைப் பார்த்தன. ஒன்றும் நுழையவில்லை.

"எப்படி நிக்குது பாருங்க" என்று நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார். "எங்க ஊர்ல மனுசனே நிக்க மாட்டீங்கறான்."

"கயித்தை விடுங்க."

"காளைக் கயித்தையா?"

"ஆமாங்க."

அவர் விட்டார். காளை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மாமியார் வீட்டுக்குப் போகிற புது மாப்பிள்ளை மாதிரி நேராக உள்ளே போய், நல்ல புல்லாகப் பார்த்து வாயை வைத்தது.

ஒரு கிழட்டுச் செம்மறி கழுத்தை நீட்டியது. காளையைப் பார்த்தது. வேலாத்தாளைப் பார்த்தது. மெல்ல ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தது. அதற்குப் பின்னால் ஒரு தாயும் குட்டியும் போயின. அப்புறம் பட்டி மொத்தமும் ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தது.

 அது அவளுடைய அடுத்த வருசத்துப் புல். நாச்சிமுத்து கம்பை ஓங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். இந்தப் பக்கம் மறித்தால் அந்தப் பக்கம் நுழைந்தன. முதுகில் அடித்தாலும் நிற்கவில்லை. கத்திப் பார்த்தார், கட்டிய தொண்டையில் காற்றுதான் வந்தது.

"அம்மிணி, உங்க விதையெல்லாம் போகுதுங்க. நின்னு பாத்துக்கிட்டே இருக்கீங்களே."

வேலாத்தாள் வேலியோரம் நின்றுகொண்டிருந்தாள். கதிரோடு மிதிபடுகிற புல்லைப் பார்க்க அவளுக்கும் வலித்தது. முகம் இறுகியிருந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"ஆட்டை விடுங்கண்ணா. காளையைப் பிடிங்க."

நாச்சிமுத்து கம்பைக் கீழே போட்டார்.