காலுக்கு இடமில்லாத ராஜவீதி

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால், பூவரசநல்லூரை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். அவனுக்குத் தேர் என்றால் உயிர். தேருக்கு முன்னால் யாராவது நடந்து போனால் முகம் சுண்டிவிடும்.

"நடக்கிற கூட்டம்தான் மகாராஜா இடைஞ்சல்" என்று தூபம் போட்டார் பிரதானி குவலயராயர். அவ்வளவுதான். ராஜவீதியின் நடைபாதையை இடித்தார்கள். நிழல் மரங்களை வெட்டினார்கள். சுவருக்குச் சுவர் தேர் ஓடியது. 'வீதியில் கால் வைத்தால் இருபது கசையடி' என்று சட்டமும் வந்தது.

சந்தையோ வீதிக்கு அந்தப் பக்கம். கீரைக்காரி ஒச்சம்மா பறந்தா போவாள்? கூடையோடு குறுக்கே போனவள் மேல் தேர் ஏறி, கால் முறிந்தது. தேரோட்டியை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் சபையில் வைத்து அவளுக்குத்தான் கசையடி என்று உத்தரவு! கேட்டீர்களா அநியாயத்தை?

அவள் புருஷன் சடையாண்டி, அரண்மனைப் பல்லக்குத் தூக்கிகளின் தலைவன். சபைக்கு மட்டும் ராஜா பல்லக்கில் போவதுதான் வழக்கம். அந்த மறுநாள் காலை ராஜாவையும் ராயரையும் சுமந்தது அவன் தோள்தான். பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். நடுவீதியில் பல்லக்கைச் சட்டென்று இறக்கினான். தூக்கிகள் எட்டுப் பேரும் பல்லக்குத் தண்டில் ஏறி உட்கார்ந்து, காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

"என்னடா இது?" என்றான் ராஜா.

"கீழே பார்த்தேன் சாமி. கால் இருக்கு."

"யாருக்கு?"

"எங்களுக்குத்தான். இவ்வளவு தூரம் வெச்சதுக்கு அடி வாங்கிக்கிறோம். இனிமே ஓரடி வைக்க மாட்டோம்."

"சட்டம் உங்களுக்கில்லையடா மடையா!" என்று சீறினார் ராயர்.

"அப்ப கீரை சுமக்கிற காலுக்கு மட்டுமா எசமான்? உங்களைச் சுமக்கிறதும் கால்தானே!"

அதற்குள் எதிரே ஒரு தேர் புழுதி பறக்க வந்தது. "இறங்கி நிறுத்துமய்யா!" என்று ராஜா கத்தினான்.

"இறங்கினால் இருபது அடியாச்சே மகாராஜா..." ராயர் மெத்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

ராஜாவே குதித்தான். ஓடினான். கிரீடம் உருண்டது. பல்லக்கை விட்டு விலகிய தேர் அவன் பக்கமே பாய்ந்தது. பல்லி மாதிரி சுவரில் ஒட்டிக்கொண்டான். சக்கரம் அங்கவஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு போனது. ஆளைக்கூடப் பார்க்காத தேரோட்டி, "ஓரமாப் போடா கழுதை!" என்று ஏசிவிட்டுப் போனான்.

"ஓரம் எங்கடா இருக்கு?" என்று அலறினான் ராஜா.

அலறியவனுக்கே முகம் வெளுத்துப்போனது. கிழிந்த அங்கவஸ்திரத்தைச் சுருட்டிக்கொண்டு பல்லக்குப் பக்கம் வந்தான்.

"ஒச்சம்மாவுக்கு அடி கிடையாது. அந்தச் சட்டமும் கிடையாது. பாதி வீதி இனி நடக்கிறவர்களுக்கு. ராயரே, அவள் கால் ஊன்றும்வரை அவள் கூடையை நீர் தலையில் வைத்துச் சந்தைக்கு நடந்து போம். இறங்கும்!"

ராயர் இறங்கினார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவியபடியே போனார்.

ராஜா முத்துமாலையைக் கழற்றினான். "உன் புத்திக்கு இது, சடையாண்டி."

"நீங்க அந்தச் சுவரோரம் ஒரு நிமிஷம் நின்னீங்க சாமி. அவ தினமும் நின்னா. மாலை வேணாம். வைத்தியரை அனுப்புங்க."

ராஜா தலையைக் குனிந்துகொண்டு, வைத்தியர் வீட்டுப் பக்கம் தானே நடந்தான். தூக்கிகளும் கலைந்தார்கள்.

சடையாண்டி வீட்டுக்குக் கிளம்பினான். நடுவீதியிலேயே நடந்தான். பின்னால் வந்த தேரோட்டிகள் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவும் இல்லை, நடையை எட்டிப் போடவும் இல்லை.