ரெக்ஸ்லின் கேட்ட இரண்டு இன்ஜின்

தீர்ப்புச் சொல்லத் தெரிந்தவர்கள் கொஞ்சம் காது கொடுங்கள். எங்கள் ஊர் சேந்தன்துறை அவசரப்பட்டுச் சொன்ன தீர்ப்பு எனக்கு ஒப்பவில்லை.

ஆற்று முகத்துவாரத்தில், சறுக்குப் பலகையில் நிற்கும் சுற்றுலாக்காரர்களைக் கயிறு போட்டு இழுக்க, மெல்கியாஸ் ஒரு ஸ்கீ படகு செய்வித்தான். எந்த இன்ஜின் பூட்டுவது என்பதில் வீடு இரண்டுபட்டது.

"பெருசா ஒண்ணு போடுண்ணே, இழுவை நல்லாயிருக்கும்" என்றான் தம்பி சில்வெஸ்டர்.

மனைவி ரெக்ஸ்லின் விடவில்லை. அவள் அப்பா, இன்ஜின் நின்றுபோன வள்ளத்தோடு கடலில் காணாமல் போனவர். "சின்னதாயிருந்தாலும் ரெண்டு போடுங்க. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணு உங்களக் கரைசேக்கும்" என்றாள்.

மெல்கியாஸ் அவள் சொன்னபடி இரண்டு வாங்கினான். ஒவ்வொன்றுக்கும் தனி டேங்க்கும் வைத்தான். ஆனால் சறுக்குபவரைக் கவனிக்கப் பின்பக்கம் பார்த்து ஓர் ஆள் உட்கார வேண்டும். அதற்கு இடமெங்கே என்று தம்பி முணுமுணுத்தான். அவன் மனசும் கோணக்கூடாதே என்று மெல்கியாஸ் ஒரு டேங்க்கைக் கழற்றி அங்கே இருக்கை போட்டான். மிச்சமிருந்த டேங்க்கிலிருந்து இரண்டு இன்ஜினுக்கும் குழாய் பிரித்தான். இருக்கைக்கு நீல உறை தைத்துக் கொடுத்தவள் ரெக்ஸ்லின்தான்.

ஐப்பசி மழை, டேங்க் மூடியின் தேய்ந்த வாஷர் வழியே உள்ளே இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் அலை உடையும் இடத்தில் இரண்டு இன்ஜினும் ஒரே நேரத்தில் விக்கி நின்றன. படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. சறுக்கியவனும் சில்வெஸ்டரும் நீந்திக் கரையேறினார்கள். மெல்கியாசைப் படகுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள்.

கல்லறைத் தோட்டத்தில் வைத்தே சில்வெஸ்டர் சொன்னான்: "ஒத்த இன்ஜின் போட்டிருந்தா எங்கண்ணன் இருந்திருப்பான். ரெக்ஸ்லின் மைனி பேச்சுதான் அவனத் தின்னுட்டு."

ஊர் தலையாட்டியது. பாவம், ரெக்ஸ்லினும் அதை நம்பினாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது சொல்லுங்கள்: யார் பேச்சைக் கேட்டதால் மெல்கியாஸ் செத்தான்? மனைவி பேச்சையா, தம்பி பேச்சையா?

விடை: தனித்தனியாக ஓடும் இரண்டு இன்ஜின் ஒரே நொடியில் பழுதாவதில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருந்தது அந்த டேங்க். அதே தண்ணீர்ப் பெட்ரோலில் பெரிய இன்ஜினும் அங்கேயே நின்றிருக்கும். ரெக்ஸ்லின் கேட்டது இரண்டு. தம்பிக்காக டேங்க்கைக் கழற்றிய அன்றே அது ஒன்றாகிவிட்டது. மனைவி பேச்சைப் பாதியில் விட்டதால்தான் அவன் செத்தான். இதை அவளிடம் விளக்கிச் சொன்னபோது, "அப்ப அந்த உறைய நான் எதுக்குத் தச்சேன்?" என்று கேட்டாள்.