நீர் வார்த்த கை

வெகு காலத்துக்கு முன்னால் ஒரு ராஜா இருந்தார். இந்தக் கதையில் அவருக்கு அதிக வேலை இல்லை. அவருடைய யானைக்குத்தான் வேலை.

அந்த யானை ஒரு நாள் வேலங்குறிச்சிக் கடைத்தெருவின் நடுவில் உட்கார்ந்துவிட்டது. பாகன் கெஞ்சினான், எழவில்லை. அதட்டினான், எழவில்லை. அங்குசத்தைக் காட்டினான், யானை வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. அம்பாரியில் இருந்த ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

கூட்டத்தில் நின்றிருந்த கயிறு திரிக்கும் மருதப்பன், தன் வாய்க்குப் போகவிருந்த வெல்லக்கட்டியை யானையிடம் நீட்டினான். யானை தின்றது. எழுந்தது. நடந்தது.

"கைராசிக்காரன்" என்று ராஜா மேலிருந்து சொன்னார். சொல்லிவிட்டு ஊரைவிட்டும் போனார், கதையைவிட்டும் போனார். அந்தச் சொல் மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

அன்று மாலையே, எட்டு மாதமாகப் பெய்யாத மழை பெய்தது. மறுநாள் விடியலில் ஊர்த்தலைவர் சடையாண்டியின் காணாமல்போன பசு தானாக வந்து கொட்டிலில் நின்றது. யானை ஒன்று, மழை இரண்டு, பசு மூன்று. இதற்கு மேல் ஒரு ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்? மருதப்பன் காலையில் கை கழுவக் குனிந்தபோது சடையாண்டி ஓடிவந்து செம்பைப் பிடுங்கிக்கொண்டார்.

"நேத்துக் கழுவினது போகட்டும்டா. இனிமே இந்தக் கையிலே தண்ணி படக்கூடாது. ராஜா வாயாலே வந்த ராசி. கழுவி விட்டுட்டா அப்புறம் எந்த ஆத்துலே போய்த் தேடுறது?"

மருதப்பன் நல்லவன். யாரிடமும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன். சரி என்று தலையாட்டினான்.

அவன் மனைவி உமையாள் அடுப்படியிலிருந்து இதைப் பார்த்தாள். இரண்டு நாள் கூத்து, ஓய்ந்துவிடும் என்று நினைத்தாள். ஓயவில்லை. முதல் விதையை அந்தக் கைதான் தூவ வேண்டும். புதுப்பசுவின் மடியை அந்தக் கைதான் முதலில் தொட வேண்டும். பிள்ளைகளுக்கு முதல் சோற்றை அந்தக் கைதான் ஊட்ட வேண்டும். ஊர் வைத்த முறை அது.

மருதப்பன் ஆற்றில் குளிக்கும்போது வலது கையை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருப்பான். கரையில் இருக்கும் பொடிசுகள், "மாமா, யாரைக் கூப்பிடுறீங்க?" என்று கத்தும். சாப்பிட்ட கையை வைக்கோலில் துடைத்து, மிச்சத்தை வேட்டியில் துடைப்பான். அதனால் அவனுடைய வேட்டிகள் எல்லாம் வலப்பக்கத்தில்தான் முதலில் கிழிந்தன. மாதம் ஒருமுறை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பான். கேட்டால், "ராசி உள்ளே வேலை செய்யுது" என்பான்.

உமையாள் சிரிப்பாள். ஆனால் வாய்விட்டு எதுவும் சொல்லமாட்டாள். ஏன் என்றால், அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம் இருந்தது.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம் அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ராசி வந்து இரண்டாம் வருஷ முடிவில் ஒரு பெண் பிறந்தாள். பூவாத்தாள் என்று பேர் வைத்தார்கள். நன்றாகக் கொழுகொழு என்று இருந்தாள். எதைக் கண்டாலும் பிடித்து வாயில் போட்டுக்கொள்வாள். அப்பாவைக் கண்டால் அவன் விரலைத்தான் பிடிப்பாள். ஒவ்வொரு தடவையும் உமையாள் எங்கிருந்தாலும் ஓடிவந்து அந்த விரலைப் பிள்ளையின் வாயிலிருந்து எடுத்துவிடுவாள். ஏன் எடுக்கிறாள் என்று மருதப்பனும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அந்த வருஷம் கோடையில் ஊரில் மூன்று பிள்ளைகளுக்குச் சோறூட்டு நடந்தது. செக்கு ஆட்டுகிறவர் வீட்டில் ஒன்று, ஆட்டுக்காரர் வீட்டில் ஒன்று, குயவர் வீட்டில் ஒன்று. மூன்றுக்கும் மருதப்பன்தான் ஊட்டினான். மூன்றுக்கும் மூன்றாம் நாள் வயிறு போயிற்று. முதலிரண்டும் ஒரு வாரத்தில் தேறின. குயவர் வீட்டுப் பிள்ளை தேறவில்லை. கண் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

உமையாள் கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். குயவர் மனைவி வெள்ளச்சி பிள்ளையை மடியில் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டுக்காரரைக் குத்தம் சொல்லலை அக்கா. அவர் ராசி பெருசு. என் பிள்ளை வயிறு சிறுசு. தாங்கலை."

உமையாள் சொட்டுச் சொட்டாகக் கஞ்சியைப் புகட்டினாள். திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் துணி வெளுக்கும் மாரக்காளின் பிள்ளை மணலில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. அதே மாதம் சோறு தின்னத் தொடங்கிய பிள்ளை. வெளுக்கிறவள் வீடு என்று மாரக்காள் வீட்டுக்கு ஊர் ராசியைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. பொழுதெல்லாம் தண்ணீரில் ஊறிய தன் கையாலேயே அவள் ஊட்டியிருந்தாள். பிள்ளை கத்தரிக்காய் மாதிரி மினுமினு என்று இருந்தது.

உமையாள் அந்தப் பிள்ளையையும் மாரக்காளின் ஈரக்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பூவாத்தாளின் சோறூட்டுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். உமையாள் ஊருக்கே மாவடு போடுகிறவள். அவள் ஜாடியை யாரும் தொடக்கூடாது. கழுவித் துடைத்து, ஈரம் காய்ந்த கை, அல்லது அகப்பை. வேறு எதையும் உள்ளே விடமாட்டாள். மருதப்பனுக்கு இதில் நெடுநாள் வருத்தம்.

"ஊருக்கெல்லாம் என் கை வேணும். என் வீட்டு மாங்காய்க்கு மட்டும் வேண்டாம்" என்பான்.

அன்று சாயங்காலம் உமையாள் மூன்று சின்னக் கலயங்களை அவன் முன்னால் வைத்தாள்.

"நீங்க ஆசைப்பட்டீங்களே. இந்த முதல் கலயத்தை உங்க கையாலே பிசிறிக் குடுங்க."

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சம்மணம் போட்டு உட்கார்ந்து, கோவிலில் பூப்போடுகிறவன் மாதிரி ஒவ்வொரு வடுவாக உப்பில் புரட்டிப் போட்டான். இரண்டாவது கலயத்தை அவள் கை கழுவி, துடைத்து, காயவைத்துப் பிசிறினாள். மூன்றாவதை அகப்பையால் கிளறினாள். சீக்கிரம் தெரிய வேண்டும் என்று மூன்றிலும் உப்பைப் பாதியாகக் குறைத்திருந்தாள். மூன்றின் வாயையும் துணியால் கட்டி உறியில் வைத்தார்கள்.

"என்னோடதுதான் முதல்லே ஊறும் பாரு" என்றான்.

அவள் திரும்பி அடுப்பை மூட்டப் போனாள்.

ஒன்பதாம் நாள் காலையில் கலயங்களை இறக்கினாள். மூன்றாவதைத் திறந்தாள். தெளிந்த உப்புத்தண்ணீர், சுருங்கிய வடு, நல்ல வாசனை. இரண்டாவதைத் திறந்தாள். அப்படியே இருந்தது. முதலாவதை அவனையே திறக்கச் சொன்னாள்.

துணியை எடுத்ததும் அவன் முகம் பின்னால் போனது. மேலே வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம் படர்ந்திருந்தது. வடுக்கள் கூழாகிக் கிடந்தன.

"மாங்காய் அழுகலா இருந்திருக்கும்."

"மூணும் ஒரே மரம். ஒரே கூடை. ஒரே உப்பு."

அவன் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகக்கண்ணில் கறுப்பு, ரேகைகளில் கறுப்பு. தொழுவம், கயிற்றுத் தூசி, வேர்வை, மூக்கு எல்லாம் அதில் இருந்தன. பிறகு மெல்லக் கேட்டான்:

"குயவர் பிள்ளைக்கும் இதுதானா உமையா?"

"எனக்கு அப்படித்தான் தோணுது. இன்னிக்குக் காலையிலே கண் முழிச்சுப் பால் குடிச்சிருக்கு. பிழைச்சுக்கும்."

அவன் எழுந்து தண்ணீர்த் தொட்டிவரைக்கும் போனான். அங்கே நின்றுவிட்டான். கை தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இருந்தது.

"என்னாலே முடியலை. பதினோரு வருஷம் வராதவ இந்த ராசியிலேதானே வந்தா. கழுவிட்டு, அவளும் போயிட்டா?"

ஊருக்காக இல்லை, ராஜாவுக்காக இல்லை, இதற்காகத்தான் இத்தனை நாள் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறான் என்று உமையாளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் பயந்ததும் அதைத்தானே. ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"நம்ம கல்யாணத்தன்னிக்கு எங்கப்பா என்ன செஞ்சார், ஞாபகம் இருக்கா?"

"என்ன செஞ்சார்? பந்தியிலே சண்டை போட்டார்."

"அதுக்கு முன்னாடி."

அவன் யோசித்தான். "தாரை வார்த்தார்."

"இந்தக் கையிலேதான் தண்ணி ஊத்தி என்னைக் குடுத்தார். தண்ணி பட்டா ராசி போயிடும்னா, அன்னிக்கே நான் போயிருக்கணும். பதிமூணு வருஷமா எங்கேயும் போகலையே. அடுப்படியிலேதானே கிடக்கிறேன்."

மருதப்பன் அவளைப் பார்த்தான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டினான்.

அவள் செம்பில் மொண்டு வார்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். முதல் தண்ணீர் கறுப்பாக ஓடியது. சிகைக்காய் போட்டு, நகக்கண்ணைத் துடைப்பங்குச்சியால் சுரண்டித் தேய்த்தாள். இரண்டாம் தண்ணீர் மண்நிறமாக ஓடியது. மூன்றாம் தண்ணீர் வார்த்த மாதிரியே தெளிவாக ஓடியது.

தண்ணீர் ஓடி முடிந்ததும் அவன் கண்ணைத் திறந்து, கையைப் பார்க்காமல் பூவாத்தாள் கிடந்த தூளியைப் பார்த்தான். தூளி அசைந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் சோறூட்டுக்கு ஊரே வந்தது. மருதப்பனின் கையைக் கண்டதும் சடையாண்டி அதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். வெளுத்து, விரல்கள் சிவந்து, யாரோ கடன் கொடுத்த கை மாதிரி இருந்தது அது.

"கெடுத்தியேடா" என்றார் அவர். "ஊர் ராசியைச் சாக்கடையிலே விட்டுட்டியே. பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்களைக் கேக்காதே."

"உங்களை எதுக்குக் கேக்கணும் மாமா? உங்க பசு அன்னிக்குக் கன்னு போட வந்துச்சு. இவர் கையைப் பார்க்கவா வந்துச்சு?" என்றாள் உமையாள். பந்தலுக்குப் பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். அது வெள்ளச்சி. தேறிவரும் பிள்ளை அவள் இடுப்பில் இருந்தது.

மருதப்பன் குழைந்த சோற்றை மூன்று விரலால் எடுத்து ஊட்டினான். முதல் வாயைப் பூவாத்தாள் துப்பினாள். இரண்டாவதைப் பாதி விழுங்கினாள். மூன்றாவதில் சோற்றோடு அப்பாவின் விரலையும் பிடித்து, வாய்க்குள் இழுத்து, இரண்டே பல்லால் கடித்துக்கொண்டாள்.

உமையாளின் கை பழக்கத்தில் முன்னால் போனது. பாதி வழியில் நின்றது. அப்புறம் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது.

பிள்ளை கடித்துக்கொண்டே இருந்தாள். மருதப்பன் விரலை இழுத்துக்கொள்ளவில்லை. வாயிலிருந்து விரலை எடுக்க யாரும் வரவில்லை என்பதை அவன் கவனித்தான். இத்தனை நாள் அவள் ஏன் எடுத்தாள் என்பதும் அப்போது அவனுக்குப் புரிந்தது.

ஊர் மூன்று நாள் காத்திருந்தது. முதல் நாள் சடையாண்டி வந்து, "பிள்ளை எப்படி?" என்றார். "தூங்குறா." இரண்டாம் நாள் வந்தார். "விளையாடுறா." மூன்றாம் நாள் வந்தபோது அவர் கேட்பதற்கு முன்னால் உள்ளேயிருந்து பூவாத்தாள் இன்னும் சோறு கேட்டுக் கத்தினாள். சடையாண்டி தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு, தொட்டிப் பக்கம் போனார்.

அந்த மாதமே வெள்ளச்சியின் புருஷன் மூக்கு வைத்த ஒரு கெண்டியைச் சுட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு வேலங்குறிச்சியில் எந்த வீட்டில் பிள்ளைக்குச் சோறூட்டினாலும், ஊட்டுகிறவர் யாராக இருந்தாலும், முதலில் அந்தக் கெண்டியிலிருந்து கையில் மூன்று முறை நீர் வார்த்தார்கள். மாரக்காள் வீட்டுக்கும் அது போனது. மருதப்பனின் வேட்டிகள் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் கிழியத் தொடங்கின.

உண்ணும் முன்னும் ஊட்டும் முன்னும் கழுவிய கையே ராசியான கை. அந்தக் கை இருக்கும் வீட்டில் நோய் தங்காது.