எலும்புக்கு ஏது லீவு

ஒரு ஊர்ல ஒரு பெரியப்பா இருந்தாராம். ராஜா எங்கேன்னு கேக்காதே. தனகோடிப் பெரியப்பா இருக்குற வீட்டுல ராஜாவுக்கு என்ன வேலை? எல்லா உத்தரவையும் அவரே போட்டுடுவாரு.

அதே வீட்டுல சுடர்னு அவரு தம்பி பொண்ணு. உன் வயசுதான், ஆனா மூக்கு ஒழுகாது. அவ டீச்சர் ஒருநாள், "திமிங்கலத்தோட துடுப்புக்குள்ள விரல் எலும்பு இருக்கு, நம்ம கை மாதிரியே"ன்னு சொன்னாங்க. பட்டணத்து மியூசியத்துல ஒரு முழுத் திமிங்கலத்தோட எலும்பு தொங்குதாம். சுடர் ஓடிவந்து வீட்டுல சொன்னா. பெரியப்பா வயிறு குலுங்க, கெக்கெக்கேன்னு சிரிச்சாரு.

"மீனுக்கு விரலா? மோதிரம் போட்டிருக்கான்னு கேட்டியா?"

அத்தை சிரிச்சாங்க. பக்கத்து வீடு சிரிச்சுது. அப்புறம் தெருவே அவளை 'மோதிர மீன்'னு கூப்பிட ஆரம்பிச்சுது. என்ன ஒரு அறிவான தெரு!

சுடருக்கு வந்துச்சு பாரு ரோஷம். "நான் பாத்துட்டு வந்து சொல்றேன்"னா. ஆனா ஒரு சிக்கல். எலும்பு தொங்குற அந்த ஹாலை மராமத்துக்கு மூடப்போறாங்க. வர்ற சனிக்கிழமையோட சரி. மறுபடி எப்போ திறப்பாங்கன்னு திறக்குறவங்களுக்கே தெரியாது.

ம் போடு. போடலைன்னா நிறுத்திடுவேன். ...ஆங், அது.

அவ அப்பா பலராமன் நல்ல மனுஷன். நல்ல மனுஷன்னா, அண்ணன் எது சொன்னாலும் தலையாட்டுறவருன்னு அர்த்தம். "பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடலாம்மா"ன்னாரு. கேட்டாரு. அவ்வளவுதான். போக வேண்டியது ரெண்டே பேரு, கிளம்புனது மொத்தக் குடும்பம்.

திங்கக்கிழமை எல்லாரும் செருப்பு மாட்டியாச்சு. வாசப்படி தாண்டுற நேரம் பாத்து அத்தை, 'அச்ச்!' ஒத்தைத் தும்மல்.

"உள்ள வாங்க எல்லாரும்! உக்காந்து தண்ணி குடிச்சுட்டுத்தான் கிளம்பணும்"னாரு பெரியப்பா.

உக்காந்தாங்க. மடக் மடக்னு குடிச்சாங்க. அப்போ ஸ்டேஷன் பக்கம் 'கூ...'. ரயில் மட்டும் தும்மலுக்கு நிக்கலை. அதுக்கு விவரம் பத்தாது, பாவம்.

அப்புறம் புதன்கிழமை. புளிசோறு கட்டியாச்சு. பெரியப்பா காலண்டரைப் பாத்தாரு. சூலம் வடக்கே. பட்டணமும் வடக்கே. சூலம் இருக்குற திசையில பயணம் போகலாமா? "பட்டணத்தை இன்னிக்கு மட்டும் கொஞ்சம் நகத்தி வைக்கச் சொல்லலாமா?"ன்னு சுடர் கேட்டா. தலையில நங்குன்னு ஒரு குட்டு. கட்டுன புளிசோத்தைக் கூடத்துலயே பிரிச்சுத் தின்னாங்க.

வியாழக்கிழமை நவமி. பேசவே கூடாது.

"வெள்ளிக்கிழமை தசமி, சித்தயோகம்! இதைவிட நல்ல நாள் கிடையாது"ன்னாரு பெரியப்பா.

"வெள்ளிக்கிழமை மியூசியம் லீவு பெரியப்பா. டீச்சர் சொன்னாங்க."

"கோயிலே வெள்ளிக்கிழமை திறந்திருக்கு. எலும்புக்கு ஏது லீவு?"

அப்பா தலையாட்டுனாரு. தடக் தடக்னு ரயில்ல போறப்போவும் சுடர் சொன்னா. அப்போவும் ஆட்டுனாரு.

போய்ச் சேந்தாங்க. கேட்டுல பூட்டு, தேங்கா சைசுக்கு. வாட்ச்மேன் 'ஆவ்'னு கொட்டாவி விட்டுக்கிட்டே, "வெள்ளிக்கிழமை லீவு சார்"னாரு.

"இதையெல்லாம் யாராவது முன்னாடியே சொல்ல வேணாமா?"ன்னு கேட்டாரு பெரியப்பா. யாரும் சுடர் மூஞ்சியைப் பாக்கலை.

அப்புறம் கேட்டுக்கு முன்னாடியே புளிசோத்தைப் பிரிச்சாங்க. கட்டடம் தெரியுற மாதிரி போட்டோ எடுத்தாங்க. "வெளியிலேர்ந்தே என்னா பிரமாண்டம்! பாத்தாச்சு, கிளம்புங்க"ன்னாரு பெரியப்பா.

சுடர் கேட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டா.

"நான் வரலை. நாளைக்கு மட்டும்தான் இருக்கு. நான் பாக்கணும்."

"நாளைக்குச் சனிக்கிழமை! கேட்டைத் திறக்குறதே ராகுகாலத்துல! டேய் பலராமா, புள்ளையைத் தூக்குடா."

அப்பா தலையாட்ட ஆரம்பிச்சாரு. பொண்ணைப் பாத்தாரு. அவ அழலை. அழுதிருந்தா மிட்டாய் வாங்கிக் குடுத்துத் தூக்கிட்டுப் போயிருப்பாரு. பாதி ஆட்டுன தலை அப்படியே நின்னுடுச்சு.

"நீங்க கிளம்புங்கண்ணே. நாங்க பாத்துட்டு வர்றோம்."

"ராகுகாலம்டா!"

"இருக்கட்டும்ணே."

தூங்கிட்டியா? முக்கியமான இடம்டா இது. ம்.

ஸ்டேஷன்லயே படுத்து எந்திரிச்சு, மறுநாள் கேட்டுக்கு வந்தாங்க. உள்ள காலை வைக்குறப்போ வாட்ச்மேன், 'அச்ச்!' அப்பா ஒரு நிமிஷம் நின்னாரு. அப்புறம் சுடர் கையைப் புடிச்சுக்கிட்டு, தண்ணி கிண்ணி குடிக்காம விறுவிறுன்னு நடந்தாரு.

உள்ள தொங்குது திமிங்கலம், ரயில்பெட்டி மாதிரி. பக்கவாட்டுல துடுப்பு. அதுல கணுக் கணுவா, நீளநீளமா, விரல். சுடர் தன் கையை விரிச்சு அதுக்கு நேரா தூக்கிப் பிடிச்சா. அப்பா தன் விரலை மடக்கி மடக்கிப் பாத்துக்கிட்டாரு.

"மோதிரம் மட்டும்தான்பா இல்லை"ன்னா சுடர்.

ஊருக்குத் திரும்பி வந்தா, தெருமுனையில பெரியப்பா கூட்டம் கூட்டி வச்சிருந்தாரு. அப்பா முந்திக்கிட்டு, "விரல் இருக்குண்ணே, என் கண்ணால பாத்தேன்"னாரு.

"இருக்காதா பின்னே? நாள் பாத்து அனுப்புனது யாரு?"ன்னாரு பெரியப்பா.

அண்ணன் பேச்சுக்கு, அன்னிக்குத்தான் மொத மொதல்ல அப்பா பாதி கூடத் தலையாட்டலை. சுடருக்கு அது போதும். ராத்திரி பாயில கையை விரிச்சு ஒரு தடவை பாத்துக்கிட்டு, நிம்மதியா தூங்கிட்டா.

திமிங்கலமும் கண்ணு மூடியாச்சு, கதையும் தீந்தாச்சு. விரலை மடக்கு, வாயை மூடு, தூங்குடா.