அன்னம் செதுக்கிய துடுப்பு

காவிரிக் கரையில் ராஜாக்கள் யானைமேல் போன காலம். ஆற்றுக்குப் பாலம் என்று ஒன்றை யாரும் கனவிலும் காணாத காலம். அப்போது நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

மணல்துறை என்கிற ஊரில் வைரவநாதன் என்றொரு வணிகன் இருந்தான். பெட்டி நிறையப் பணம், தலை நிறையக் கர்வம். அவனுடைய பால்ய சிநேகிதன் காத்தமுத்து, ஓடக்காரன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஆடியில் புதுவெள்ளம் வந்ததும் ஓடக்காரர்கள் அக்கரைக்குப் போட்டி போடுவார்கள். முதலில் கரை தொட்டவனுக்கே அந்த வருஷம் துறை சொந்தம். மற்றவர்கள் ஓடத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

அந்த வருஷம் காத்தமுத்துவின் துடுப்பு விரிசல் விட்டது. புதிதாகச் செய்ய வேங்கைக் கட்டையும் வெட்டி வைத்திருந்தான். வைரவநாதன் விடுவானா? கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தன் கையாலேயே செய்து பரிசாகத் தருவானாம். நண்பன் வேறு துடுப்பைத் தொட்டால் நட்புக்கே அவமானமாம்.

"உறுதியாக இருந்தால் போதும், வைரவா" என்றான் காத்தமுத்து. அது அவன் காதில் விழுந்தால்தானே!

துடுப்பு நன்றாகத்தான் வந்தது, பொய் சொல்லக் கூடாது. அத்தோடு உளியைக் கீழே வைத்திருக்கலாம். மைத்துனன் வந்து பார்த்தான், வெறும் கட்டையாக இருக்கிறதே என்றான். உடனே வைரவநாதன் ஒரு தாமரை செதுக்கினான். தட்டான் வந்து பார்த்தான், தாமரைக்குத் துணை வேண்டாமா என்றான். உடனே ஒரு கொடி செதுக்கினான். கோயில் பாட்டுக்காரன் வந்து பார்த்தான், அன்னம் இல்லையே என்றான். உடனே துடுப்பின் கழுத்தில், முழு பலமும் விழுகிற இடத்தில், சுற்றிலும் குடைந்து ஓர் அன்னம் செதுக்கினான்.

செதுக்கச் செதுக்க மரம் குறையும் என்பது அந்த மேதாவிக்குத் தோன்றவில்லை. மூன்று பேர் மெச்சியதில் தலைகால் புரியவில்லை. துடுப்பைப் பிடிக்கப் போகிறவனை ஒரு வார்த்தை கேட்டானா? அதுதான் இல்லை.

போட்டியன்று காலையில் மேளதாளத்தோடு கொண்டுவந்து கொடுத்தான். அந்த ஒல்லிக் கழுத்தைப் பார்த்ததுமே இது தாங்காது என்று காத்தமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் ஊரே நின்று கைதட்டுகிறது, கையில் வேறு துடுப்பும் இல்லை. பயந்துகொண்டே ஓடத்தில் ஏறினான்.

நடு ஆற்றின் இழுப்பில் முதல் வீச்சுக்குத் துடுப்பு முனகியது. இரண்டாம் வீச்சுக்குக் கீறல் விட்டது. மூன்றாம் வீச்சுக்கு அன்னத்துக்குச் சற்றுக் கீழே முறிந்தே போனது. வெள்ளம் ஓடத்தைச் சுழற்றிக் கரையோரம் தள்ளியது. கரையோர நாணலைப் பிடித்துக் காத்தமுத்து உயிர் தப்பினான். துறை வேறொருவனுக்குப் போனது.

வைரவநாதன் மூச்சிரைக்க ஓடிவந்தான். நண்பனிடம் என்று நினைத்தீர்களா? கரை ஒதுங்கிய துடுப்புத் துண்டிடம்! அதை எடுத்துத் துடைத்துப் பார்த்து, "நல்லவேளை, அன்னத்துக்கு ஒன்றும் ஆகவில்லை" என்றான். பிடிக்கத் தெரியாதவனிடம் கொடுத்தது தன் தப்பு என்றும் சுற்றி நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டான்.

ஈரம் சொட்டச் சொட்ட நின்ற காத்தமுத்து சொன்னான்: "அன்னம் பிழைத்தது, வைரவா. என் பிள்ளைகளுக்கு இந்த வருஷம் யார் கஞ்சி ஊற்றுவது?"

வைரவநாதன் அன்னத்தை மேல்துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

வாங்குகிறவன் தேவையை மறந்து தன் பெருமைக்காகக் கொடுக்கிறவன், கொடுப்பதாகச் சொல்லிப் பறிக்கிறான்.